கடன் தீர்ந்த வீட்டின் வரிப் பாக்கிக்குத் தவணை வேண்டி மனு

அனுப்புநர்:
ரோவீனா ஹால்வர்சன்,
418, மில் சாலை, டென்பி.

பெறுநர்:
கருவூல அலுவலர் அவர்கள்,
வெல்பரி கவுண்டி, மிச்சிகன்.

பொருள்: மூன்றாண்டு வீட்டு வரி நிலுவை – மார்ச் 31 கெடுவை நீட்டித்துத் தவணை வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். என் கணவர் ஆர்லோவுக்குச் சர்க்கரை நோயால் பதினோரு ஆண்டுகளுக்கு முன் பார்வை போய்விட்டது. இருபத்தாறு ஆண்டுகளாக இந்த வீட்டில் இருக்கிறோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் வீட்டுக் கடனை அடைத்து முடித்தோம். வங்கி அனுப்பிய கடிதத்தை அவர் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

2. அதுவரை மாதத் தவணையோடு வரிப் பணத்தையும் வாங்கி, வங்கியே தங்கள் அலுவலகத்தில் கட்டி வந்தது. கடன் முடிந்தால் வரியை நாங்களே கட்ட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வரிக் கேட்புச் சீட்டுகள் பழையபடி வங்கி முகவரிக்கே போயிருக்கின்றன.

3. ஆயினும் கடன் முடிந்த ஆண்டின் டிசம்பரில் சந்தேகப்பட்டு, தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். வரி கட்டும் சாளரத்தில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க வரிய பேங்க் கட்டிடுதும்மா. நீங்க எதுக்கு வரிசையில நிக்கிறீங்க, வீட்டுக்குப் போங்க" என்றார். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். எழுதி வாங்காதது என் பிழை. அந்தப் பெண்மீது நடவடிக்கை எதுவும் கோரவில்லை.

4. கடந்த ஜனவரியில் ஒருவர் எங்கள் கதவில் அறிவிப்பு ஒட்டிச் சென்றார். வட்டியும் கட்டணமும் சேர்த்து 7,946 டாலர். கட்டத் தவறினால் வீடு கவுண்டி நிர்வாகத்துக்குச் சொந்தமாகி, ஏலத்துக்குப் போகும். யார் வந்தது என்று கணவர் கேட்டார். விளம்பரத் தாள் என்று பொய் சொன்னேன். அவரால் அதைப் படிக்க முடியாது என்ற தைரியத்தில் சொன்னேன்.

5. சென்ற செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தபோது, ஏலத்துக்கு வரக்கூடிய வீடுகளின் பட்டியலில் எங்கள் முகவரியைக் கண்டு இருவர் வீடு பார்க்க வந்திருக்கிறார்கள். என் கணவர் அவர்களை அக்கம்பக்கத்தார் என்று எண்ணி உள்ளே அழைத்து, காபி கொடுத்து, தாம் போட்ட மர அலமாரிகளையெல்லாம் காட்டியிருக்கிறார். கிளம்பும்போது ஒருவர், "நல்ல வீடுங்க. எப்ப காலி பண்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். நான் திரும்பியபோது என் கணவர், வெளியே கிளம்புகிறவர் போல மேல்கோட்டுடன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "ஏன் ரோவீனா எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

6. வரியைத் தள்ளுபடி செய்யக் கேட்கவில்லை. கையிருப்பு முழுவதற்கும், 3,200 டாலருக்குக் காசோலை இணைத்துள்ளேன். மீதியை மாதம் 400 டாலராகக் கட்டுகிறேன். துன்பப்படும் குடும்பங்களுக்குக் கெடுவை நீட்டிக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்று இந்த வாரம்தான் அறிந்தேன். இனி வரிக் கேட்புச் சீட்டுகள் எங்கள் முகவரிக்கே வரவும் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

7. பார்வை போன பிறகும் இந்த வீட்டுக்குள் அவர் கோல் ஊன்றி நடந்ததில்லை. இப்போது அறைக்கு அறை கோலைத் தட்டிக்கொண்டு நடக்கிறார். வேறு இடத்துக்குப் பழகிக்கொள்ள வேண்டுமாம். இதை எழுதும்போதும் அந்தச் சத்தம் கேட்கிறது. இன்னும் பதினான்கு நாட்களே உள்ளன. அதற்குள் தாங்கள் எழுதும் ஒரு வரிக்காகக் காத்திருக்கிறேன், ஐயா. அதை அவருக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும்.

இடம்: டென்பி
நாள்: மார்ச் 17

தங்கள் தயவை நம்பியிருக்கும்,
ரோவீனா ஹால்வர்சன்
(கையொப்பம்)