பன்னிரண்டாம் தேதி ஆஜர்

பொட்டிப்புரம்
29-1-2007

அன்பு மருமகள் பவானிக்கு, உன் தாய்மாமன் ராக்கையா எழுதிக்கொள்வது. மஸ்கட்டில் உன் ஆஸ்பத்திரி வேலையும் உடம்பும் குறையில்லாமல் இருக்கட்டும். இங்கே உன் அம்மா சுப்புத்தாய் அழுதுகொண்டிருக்கிறாள். நான் தைரியமாக இருக்கிறேன்.

வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டில் உட்கார்ந்து, பார்த்ததைத் தேதி போட்டு எழுதச் சொன்னாய். போனில் பேசினால் காற்றோடு போய்விடும், காகிதம்தான் நாளைக்கு நிற்கும் என்று மதுரை வக்கீல் ஏசுதாசன் சொன்னாராமே. சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறாய். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் என்றாலும் சட்டம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

உன் தம்பி இனியனை இன்று கொண்டுவந்தார்கள். சுற்றிலும் நாற்பது போலீஸ். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப் டிரைவருக்கு இத்தனை மரியாதையா என்று ஜனம் வாய் பிளந்து நின்றது. காட்டுக்குள் இருக்கிற தடை செய்த இயக்கத்துக்கு அரிசி மூட்டை கொண்டுபோனான் என்பது கேஸ். நான் எழுந்தேன். "ஐயா, வாடகைக்கு வண்டி ஓட்டுறவன் மூட்டைக்கு ஜாதகமா கேப்பான்?" என்றேன். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பெரியவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்று சொன்ன பிறகுதான் இன்னும் பதினான்கு நாள் ரிமாண்ட் போட்டார்.

நான் இருக்கும்வரை நீ கண் கலங்காதே.

உன் மாமன்,
ராக்கையா


பொட்டிப்புரம்
12-2-2007

அன்பு மருமகளுக்கு,

இன்றைய வாய்தா முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் எழுதுகிறேன். டவாலி மூன்று தரம் இனியன் பேரைக் கூப்பிட்டார். "ஆஜர்!" என்று போலீஸ்காரர் சொன்ன சத்தத்தில் கட்டடம் அதிர்ந்தது. பையன் வந்து நின்றான் பார், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை தோற்றான். கன்னம் இரண்டும் உப்பியிருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தான். ஜெயிலில் கோழிக் குழம்பு என்று கண்ணாலேயே சொன்னான். மாஜிஸ்திரேட் என்னை அடையாளம் கண்டு தலையசைத்தார்.

இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன். மூன்று நாள் கழித்து இன்றுதான் சோற்றில் கை வைத்தாள். "சிரிச்சானாண்ணே? நெசமாச் சிரிச்சானா?" என்று நாலு தரம் கேட்டாள்.

ராக்கையா


மஸ்கட்
24-3-2007

மாமா அவர்களுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

வக்கீல் ஏசுதாசனுக்கு இப்போதுதான் ஜெயிலில் இனியனைப் பார்க்க அனுமதி கிடைத்தது. பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். பிப்ரவரி பத்தாம் தேதி ஜெயிலில் வைத்து அவனை அடித்திருக்கிறார்கள். இடது காதில் ரத்தம் வந்தது. இன்றுவரை அந்தக் காது கேட்கவில்லை. பன்னிரண்டாம் தேதி கோர்ட் வாசல்வரை கொண்டுவந்தவர்கள் வேனை விட்டு அவனை இறக்கவே இல்லை. காயம் மாஜிஸ்திரேட் கண்ணில் பட்டுவிடும் என்று காகிதத்தை மட்டும் உள்ளே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

கோர்ட் பதிவில் 'ஆஜர்' என்று இருக்கிறது. உங்கள் கடிதத்திலும் அதேதான். போலீஸுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அன்று உள்ளே இருந்த நம் ஆள் நீங்கள் ஒருவர்தான். ஆளைக் கொண்டுவரவில்லை என்று மதுரை ஹைகோர்ட்டில் நீங்கள் சத்தியம் செய்தால், அவனை டாக்டர்கள் பரிசோதிக்க உத்தரவு வாங்கலாம், வேறு ஜெயிலுக்கு மாற்றலாம் என்கிறார் வக்கீல். செய்யாவிட்டால் அடித்தவர்கள் கையிலேயே கிடப்பான்.

உங்கள் மடியில் உட்கார வைத்துக் காது குத்திய பிள்ளை மாமா. அந்தக் காதுதான் போயிருக்கிறது. கோழிக் குழம்பு என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

பவானி


பொட்டிப்புரம்
4-4-2007

பவானிக்கு,

தாய்மாமனைப் பொய்யன் என்று சொல்கிற அளவுக்கு மஸ்கட் சம்பளம் உன்னைப் பேச வைக்கிறது. பேசு. உன் அப்பன் செத்த அன்று உங்கள் மூன்று பேருக்கும் நின்றவன் நான். பங்காளி ஒருத்தன் வந்தானா?

ஆஜர் என்று என் இரண்டு காதாலும் கேட்டேன். ஆஜர் என்றால் ஆள் வந்துவிட்டான் என்றுதானே அர்த்தம்? பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் பெஞ்சில் இருக்கிறவன்தானே ஆஜர் சொல்வான்? அடிபட்டவன் மயக்கத்தில் தேதியை மாற்றிச் சொல்லியிருப்பான். வக்கீல்களுக்கு ஒரு கேஸ் இரண்டு கேஸாக வேண்டும், அவ்வளவுதான். ஊசி போடுகிற வேலையை நீ பார். கோர்ட்டு விவகாரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஹைகோர்ட்டில் ஏறி, நான் எழுதியது பொய் என்று சொல்ல வேண்டுமாம். இந்தப் பள்ளத்தாக்கில் கூடலூர் முதல் தேனிவரை என் வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, தெரிந்துகொள்.

ராக்கையா


மஸ்கட்
14-4-2007

மாமா,

கேட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்தேன் என்று இல்லை.

பார்த்தீர்களா? ஒரு வரி போதும். அம்மாவுக்குச் சொன்ன கதை எனக்கு வேண்டாம். சித்திரை முதல் நாள் என்று இங்கே எல்லாரும் பாயசம் வைத்திருக்கிறார்கள். எனக்கு இறங்கவில்லை. இந்த ஒரு வரி வரவில்லை என்றால் எங்களுக்குத் தாய்மாமன் கிடையாது என்று நான் முடிவு செய்துகொள்வேன்.

பவானி


பொட்டிப்புரம்
25-4-2007

பவானிக்கு,

பார்க்கவில்லை.

ஒரு வரிதான் கேட்டாய். மீதியையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் வக்கீல் கேட்கும்போது வாய் வேறு ஏதாவது சொல்லிவிடும்.

பன்னிரண்டாம் தேதி கோர்ட் வாசலில் ஒரு ஏட்டு என்னை நிறுத்தினார். "யாருய்யா நீ? போன வாட்டியும் வந்து உக்காந்திருந்த. அந்த இனியன் பயலுக்கு நீ என்ன வேணும்?" என்றார். கையில் ஒரு நோட்டு வைத்திருந்தார். அவனுக்கு அரிசி கொடுத்த மளிகைக்கடைக்காரரையும் முந்தின வாரம்தான் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். "எனக்கு ஒண்ணும் ஒறவு இல்லீங்க. நான் வாய்க்காத் தகராறு கேசுக்கு வந்தவன்" என்றேன். ராக்கையா, பொட்டிப்புரம், வாய்க்கால் கேஸ் என்று எழுதிக்கொண்டார்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பேரைக் கூப்பிட்டார்கள். கூட வந்த போலீஸ்காரர்தான் "ஆஜர்" என்று சொல்லிக் காகிதத்தை மேஜையில் வைத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. மாஜிஸ்திரேட் நிமிராமல் கையெழுத்துப் போட்டார். நான் எழுந்திருக்கவில்லை. முதல் வாய்தாவிலும் எழுந்து பேசியதாக எழுதியது பொய்தான். நாற்பது போலீஸும் பொய். நாலு பேர்.

வெளியே வந்தபோது வேன் புளியமரத்தடியில் நின்றது. கம்பி வலையில் விரல் தெரிந்தது. "மாமா" என்று ஒரு சத்தம் கேட்டது. பஸ் வந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். பஸ் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் கோர்ட்டுப் பக்கமே போகவில்லை. முட்டி வலி என்று உனக்குச் சொல்லியனுப்பியது அதனால்தான்.

மதுரைக்கு எந்தத் தேதியில் வர வேண்டும் என்று வக்கீலைக் கேட்டு எழுது.

ராக்கையா


மஸ்கட்
6-5-2007

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு எழுத்து மாற்றாமல் வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். தேதியை அவர் சொல்லுவார். போவதற்கு முன்னால் இதே கடிதத்தை அம்மாவுக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். ஊர்க்காரர்கள் வாயால் அவள் கேட்கக் கூடாது.

பவானி


பொட்டிப்புரம்
2-7-2007

பவானிக்கு,

போன மாதம் போட்ட இரண்டு கடிதத்துக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. இதற்கும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் இது போய்ச் சேர வேண்டியது.

மதுரையில் நடந்ததை வக்கீல் உனக்குச் சொல்லியிருப்பார். ஹாலில் நூறு பேர் இருந்தார்கள். இல்லை, பதினொரு பேர். "வாய்க்கால் கேஸ்காரரே, அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?" என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். சிரித்தார்கள். அன்னைக்குச் சொன்னது என்றேன். காதைப் பரிசோதிக்க உத்தரவு ஆயிற்று. டாக்டர்கள் சவ்வு கிழிந்திருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். ஜெயிலையும் மாற்றிவிட்டார்கள்.

உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். "அவன் கூப்புட்டப்ப நீ நடந்துட்டியாண்ணே" என்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து அந்த வீட்டுப் படி எனக்கு இல்லை.

இன்று வாய்தா. பார்த்ததை எழுதுகிறேன்.

மணி பதினொன்று ஐந்து. வேனிலிருந்து இறக்கினார்கள். கூட மூன்று போலீஸ். கன்னம் ஒட்டியிருக்கிறது. நீலச் சட்டை. இடது பக்கம் நின்று ஒருவர் ஏதோ சொன்னார், அவன் திரும்பவில்லை. அவர் வலது பக்கம் வந்து சொன்னதும் திரும்பினான். மாஜிஸ்திரேட் அவன் முகத்தைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார். ரிமாண்ட் பதினான்கு நாள். வெளியே போகும்போது என் பெஞ்சைத் தாண்டித்தான் போனான். என்னைப் பார்த்தான்.

சிரித்தான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சிரிக்கவில்லை.

ராக்கையா