அண்ணன் கையெழுத்துல ஒரு பத்திரம்

என் கூடப்பொறந்த முத்தையா அண்ணே,

உன் தங்கச்சி அழகம்மா எழுதுறேன். ரெண்டாம் வகுப்போட நின்னவ எழுத்து கோணலாத்தான் இருக்கும். நீ இருந்திருந்தா சிரிச்சிருப்பே. இது உனக்கு எழுதுற கடுதாசிதான், ஆனா ஊரே படிக்கட்டும். முக்கியமா நம்ம சித்தப்பன் வீட்டு ஆளுங்க படிக்கட்டும்.

நீ போயி இருபத்திரண்டு வருசமாச்சு. ஒரு திவசத்துக்கும் நான் வந்து நின்னதில்ல. உன் பேரைச் சொல்லி ஒரு விளக்கு ஏத்துனதில்ல. ஏன்னு உனக்குத் தெரியும். தெரியாதவங்களுக்குச் சொல்றேன்.

அப்பா செத்த வருசம் நீ டவுன் ஐஸ்கூல்ல அஞ்சாம் பாரம் படிச்சுக்கிட்டிருந்தே. படிக்கிற பிள்ளை மண்ணை மிதிக்கக் கூடாதுன்னு ஆத்தா உன்னைக் கிணத்துப் பக்கமே விட மாட்டா. மாட்டைப் பூட்டிக் கமலையில தண்ணி இறைச்சதும் நான், மடை திருப்புனதும் நான். ஆத்துத் தண்ணி ஏறாத மேட்டு நிலம் நம்மளுது. அந்தக் கிணறு ஒண்ணுதான் சோறு. மூணு நாள் நம்ம முறை, மூணு நாள் சித்தப்பன் முறைன்னு தாத்தா காலத்துல இருந்து நடந்துச்சு. கிணறு நம்ம நிலத்து மேல மூலையில. அந்தாளு நிலம் கீழ. தண்ணி அங்க போகணும்னா நம்ம நிலத்துக்குக் குறுக்கால வாய்க்கால்ல ஓடித்தான் போகணும். இதை மனசுல வச்சுக்க.

அந்தக் கோடை லீவுக்கு முன்னால உங்க எட்மாஸ்டர் ஒரு புது ஏற்பாடு பண்ணுனாரு. அஞ்சாம் பாரத்துப் பிள்ளைக எல்லாரும் ஒரு மாசம் தொழில் நடக்குற இடத்துல போயிப் பழகணும். முடிஞ்சதும் அந்த இடத்துக்காரர், பையன் ஒழுங்கா வேலை பழகுனான்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடணும். அந்தத் தாள் இருந்தாத்தான் ஆறாம் பாரம். ஒருத்தன் அச்சாபீசுக்குப் போனான். ஒருத்தன் ஆசுபத்திரியில மருந்து கலக்குற இடத்துக்கு. உன் எழுத்து முத்து முத்தா இருக்கும்னு உன்னைப் பத்திரம் எழுதுறவன்கிட்ட விட்டாங்க.

ஏற்பாட்டை நான் குத்தம் சொல்ல மாட்டேன். படிப்பு ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம் கிடந்தா பிள்ளை ரெண்டுக்கும் ஆக மாட்டான்னு அவரு சொன்னது சரிதான். ஆனா அனுப்புற இடத்துல யாரு உக்காந்திருக்கான்னு ஒரு எட்டுப் போயிப் பாத்திருக்கணும்ல? அந்தப் பத்திரக்காரனும் நம்ம சித்தப்பனும் ஒரே வெத்தலைப் பெட்டியில கை விடுறவங்க.

நீ போன மூணாவது வாரம் நம்ம வீட்டுப் பாகப் பத்திரமே உன் முன்னால வந்துச்சு. பத்திரக்காரன் கிறுக்கி வச்ச தாளைப் பாத்து நீ முத்திரைத்தாள்ல அழகா எழுதணும். நிலம் ஆளுக்குப் பாதி. கிணறு முழுக்கச் சித்தப்பனுக்கு. எங்களுக்கும் முறை உண்டேன்னு நீ ஒரு தடவை கேட்டியாம். அதுக்கு அவன் சொன்னதை நீயே பெறகு சொன்னே:

"கேள்வி கேக்க வக்கீலாபீசு இருக்கு தம்பி. இங்க கை மட்டும் போதும். உன் தாள்ல கையெழுத்து வேணுமா, வேண்டாமா?"

உனக்குக் கையெழுத்து வேணும். குனிஞ்சு எழுதுனே.

கடைசியில ஆத்தாளையும் சித்தப்பனையும் உக்கார வச்சு நீதான் வாசிச்சே. அதுவும் தொழில் பழகுறதுல ஒரு பாடமாம். ஆத்தா உன் குரலைக் கேட்டா, சொல்லைக் கேக்கல. மேற்படி, கீழ்படின்னு நீ மூச்சு விடாம வாசிக்க, பெருமையில அவ கண்ணு நிறைஞ்சு போச்சாம். என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தர்கிட்டயும் கேக்கல. "எம்மகன் எழுதுனது"ன்னு சொல்லிக்கிட்டே கட்டைவிரலை மையில முக்கி வச்சுட்டு வந்தா.

அடுத்த முறைக்கு நான் மாட்டைப் பத்திக்கிட்டுப் போனேன். சித்தப்பன் கயித்தைப் பிடிச்சு நிறுத்துனான். கிணறு யாருதுன்னு உங்கண்ணனைக் கேளு, அவந்தான் எழுதிக் குடுத்தான்னான். மரியாதை குடுத்து எழுதும்மான்னு என் மக சொல்றா. எனக்கு வரல.

கத்திரியும் மிளகாயும் நின்னபடி காஞ்சுச்சு. நம்ம நிலத்து நடுவுல வாய்க்கால் ஓடுது, நம்ம நிலத்துக்கு ஒரு சொட்டு இல்ல. ஆத்தா ஒருநா குடிக்கிறதுக்கு ஒரு குடம் மொண்டா. அந்தாளு வந்து குடத்தைக் காலால எத்துனான். மண்குடம். உடைஞ்ச சில்லையெல்லாம் ஆத்தா பொறுக்கி எடுத்துட்டு வந்து வீட்டு மூலையில வச்சா. சாகுற வரைக்கும் அதைக் கூட்டித் தள்ள விடல.

நீ அந்தத் தாளோட பள்ளிக்கூடத்துக்குப் போனே. எல்லாருக்கும் முன்னால எட்மாஸ்டர் உன் தாளைத்தான் தூக்கிக் காட்டுனாராம், தொழில்னா இப்படிப் பழகணும்னு. ஒரு வாரத்துல நீ படிப்பை விட்டுட்டு மதுரைக்கு ஓடிட்டே. அச்சாபீசுல எழுத்துக் கோக்குற வேலைன்னு சொன்னாங்க. எனக்கென்ன வந்துச்சு.

மூணு வருசம் கழிச்சு ஒரு சித்திரை வெயில்ல என் வாசல்ல வந்து நின்னே. எனக்கு அப்பக் கல்யாணமாகி இடுப்புல பிள்ளை. கன்னம் ஒட்டிப்போயி, விரல் நுனியெல்லாம் மை அப்பி நின்னே. தண்ணி கேட்டே.

"கிணறு சித்தப்பாவுது. அங்க போயிக் கேளு"ன்னேன்.

நீ கோவப்படல. "அந்தப் பத்திரத்தை ஒருநா எழுத்துக்கூட்டியாவது படி, அழகு"ன்னே. நான் கதவைச் சாத்துனேன். அந்த மாசமே மதுரையில வாந்திபேதியில நீ போயிட்டே. எரிச்சு முடிச்ச பெறகுதான் சேதி வந்துச்சு. நான் அழுகல.

இப்ப நடந்ததைச் சொல்றேன், கேளு.

வெள்ளைக்காரன் போயி ரெண்டாவது வருசம் நடக்குது. சித்தப்பன் மகன் செல்லையா மதுரையில போயித் தண்ணி இறைக்க ஆயில் எஞ்சின் வாங்கிட்டு வந்தான். கிணத்து மேல கொட்டகை போட்டு இறக்கி வச்சான். போன மாசம் ஒரு தாளோட என் வீட்டுக்கு வந்தான். அக்கா, அக்கான்னு வாய் நிறைய. வாய்க்காலைச் சிமெண்டு பூசப் போறானாம், நான் ஒரு கைநாட்டு வைக்கணுமாம். இருபத்தஞ்சு வருசமா என்னைக் கேக்காம ஓடுன தண்ணிக்கு இப்ப எதுக்குடா என் விரல்னு கேட்டேன். சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குன்னான். எச்சி முழுங்கிக்கிட்டே சொன்னான், அதைப் பாத்துட்டேன். நாலு நாள் கழிச்சு வான்னு அனுப்பிட்டேன்.

அவன் தெருவைத் தாண்டுனதும் ஆத்தா பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்தேன். நீ சொன்னபடி எழுத்துக்கூட்டிப் படிச்சேன். மூணு நாளாச்சு. கிணறு இருக்கு, கமலை இருக்கு, மாடு நடக்குற பாதை இருக்கு. வாய்க்கால் இல்ல. திருப்பித் திருப்பிப் பாத்தேன், இல்ல. மத்த வரியெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி நெருக்கி எழுதியிருக்கே. கிணறு வர்ற அந்த ஒரு வரியில மட்டும் எழுத்து ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி நிக்குது. மேலூர் தாலுகா ஆபீசுல செல்லையா எஞ்சினுக்கு மனுக் குடுத்தப்ப அங்க இருந்த குமாஸ்தா இதைக் கண்டுபிடிச்சிருக்கான்னு பெறகு கேள்விப்பட்டேன். அதுக்குத்தான் என் கைநாட்டு.

கை தவறி நீ விட்டதுன்னுதான் அப்பவும் நினைச்சேன். பெத்த தாய் கிணத்தையே எழுதிக் குடுத்தவனுக்கு வாய்க்கால் எம்மாத்திரம்?

மறுநா காலையில மண்வெட்டியோட போயி வாய்க்காலை மூடுனேன். மூடிட்டு நேரா சித்தப்பன் வீட்டுக்குப் போனேன். கயித்துக் கட்டில்ல கிடக்கான் இப்ப, கால் வராது. காது நல்லாக் கேக்குது.

"சித்தப்பா, கிணறு உங்களுது. வாய்க்கால் எங்களுது"ன்னேன்.

"அதெப்படி? பத்திரத்துல இருக்கு."

"இல்ல. படிச்சுட்டேன்."

"இல்லாம எங்க போகும்? உங்கண்ணன் வாசிக்கயில இந்தக் காதால கேட்டேன். கிணறு, கமலை, மாட்டுப் பாதை, வாய்க்கால் வழின்னு கணீர்னு வாசிச்சான். கேட்டுத்தான் விரலை வச்சேன்."

அந்தாளு முகத்தையே பாத்தேன். அந்தாளுக்கும் அப்பத்தான் விளங்குச்சு. பத்திரக்காரன் வெத்தலை மென்னுக்கிட்டு உக்காந்திருக்க, பதினாறு வயசுப் பிள்ளை நீ, எழுத்தைத் தள்ளித் தள்ளி வச்சு வாய்க்கால் இடத்தை நிரப்பிட்டு, எழுதாத சொல்லை வாசிச்சிருக்கே.

"பயபுள்ள"ன்னான் சித்தப்பன், மெதுவா.

"எங்காத்தாளும் கேட்டுத்தான் வச்சா, சித்தப்பா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு நான் கல்யாணத்துல கூடச் சிரிச்சதில்ல. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்துன பெறகு சிரிப்பு வேற மாதிரி ஆயிருச்சு.

அண்ணே, அம்புட்டுச் செய்யத் தெரிஞ்சவனுக்குக் கிணத்தை எழுதாம விடத் தெரியலையா? அந்தாளு கிணத்துச் சொல்லைத் தாள்ல விரல் வச்சுக் காட்டச் சொல்லுவான்னு பயந்தியா? இல்ல, எழுதிக்கிட்டு இருக்கயிலதான் இந்த யோசனை வந்துச்சா? அந்த ஒரு மாசத்துல நீ பழகுன தொழில் இதுதானா? வாசல்ல நின்னப்ப ஒரு வார்த்தை உடைச்சுச் சொல்லியிருந்தா இருபத்திரண்டு வருசம் மிஞ்சியிருக்குமே. நான் கேட்டிருப்பேனான்னு நீ கேப்பே. கேட்டிருக்க மாட்டேன்தான்.

செல்லையா தினம் வாரான். தம்ளர்ல காப்பி கொண்டாந்து குடுத்து அக்காங்குறான். மதுரையில வக்கீல் பாக்கப் போறேன்னு ஒருநா மிரட்டுனான், இத்தனை வருசப் பழக்கம்னு சட்டத்துல ஏதோ இருக்காம். போயிட்டு வா தம்பி, அதுவரைக்கும் எஞ்சினைச் சாக்குப் போட்டு மூடி வையி, துரு ஏறும்னேன். அவன் பயிருக்கு இன்னும் பத்து நாள் தாங்கும். நான் இருபத்தஞ்சு வருசம் தாங்குனவ.

என் பேரன் இந்த வருசம்தான் பள்ளிக்கூடத்துல சேந்திருக்கான். உன் பேரைத்தான் வச்சிருக்கா என் மக, என்னைக் கேக்காமலே. அவனும் ஐஸ்கூல் போவான், அவனையும் தொழில் பழக அனுப்புவேன். அதுக்குள்ள மடை திருப்பவும் பழகியிருப்பான். அவன் போற இடத்துக்கு முந்தின நா நான் போயி அங்க உக்காந்திருக்கிறவன் முகத்தைப் பாத்துட்டு வருவேன்.

இது சத்தியம், அண்ணே. புதுப் பத்திரம் எழுதணும், மூணு நாள் நம்ம முறைன்னு. சித்தப்பனைக் கட்டிலோட தூக்கிட்டு வரட்டும். வாசிச்சுக் காட்டுனா ஒத்துக்க மாட்டேன். ஒவ்வொரு எழுத்தா நானே படிப்பேன், பொழுது சாய்ஞ்சாலும் அந்தாளு காத்துக் கிடக்கட்டும். கைநாட்டு வைக்க மாட்டேன், அழகம்மான்னு எழுதுவேன். அதுவரைக்கும் ஒரு சொட்டு என் மண்ணைத் தாண்டாது.

நம்ம முறை வர்ற முதல் நா, முதல் செம்புத் தண்ணியை நான் குடிக்க மாட்டேன். நீ நின்ன வாசப்படியில கொண்டாந்து வைப்பேன். கதவு திறந்திருக்கும்.

இப்படிக்கு,
உனக்குத் தண்ணி குடுக்காத தங்கச்சி
அழகம்மா