சண்டை இல்லாத வீடு

கண்ணு,

தியான முகாமில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றாய். அதனால்தான் கடிதம்.

சீனர்களின் தாவோ தத்துவம் படிக்கத் தொடங்கியதிலிருந்து நீ என்னோடு சண்டையே போடுவதில்லை. உன் காரை இடித்துவிட்டு வந்தேன். "பரவால்லைங்க, விடுங்க. தண்ணி மாதிரி இருக்கணும்" என்றாய். என் அம்மா இன்னும் ஆறு மாதம் தங்குவாள் என்றேன். "நல்லதுதானே" என்று சிரித்தாய். நீயா! புளி வாங்க மறந்ததற்கே மூன்று நாள் பேசாதவள்.

வீட்டில் அமைதி வந்துவிட்டதென்று ஆபீஸில் பெருமையடித்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. கூடவே இருக்கப் போகிறவள் சண்டை போடுவாள்.

இதே டெக்சாஸில், ஆஸ்டினில் இரண்டு வார முகாம்தானே? இந்த ஜூலை வெயிலில் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. அலமாரியில் உன் குளிர்காலக் கோட்டைக் காணோமே, ஏன்?

இப்படிக்கு,
உன் காரை இடித்தவன்