இரண்டு கறுப்புக் கட்டைகள்

காரைக்குடி
12-8-1968

சிரஞ்சீவி ஆசைத்தம்பிக்கு அப்பா எழுதிக்கொண்டது. நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், கல்கத்தாவில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும். டார்ஜிலிங் ஓட்டலில் வாசிக்கப் போயிருந்ததால் தந்தி நாலு நாள் கழித்துத்தான் கிடைத்தது என்று எழுதியிருந்தாய். அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்க நீ வரவில்லை என்று உன்னைக் குறை சொல்லமாட்டேன், பக்கத்திலேயே இருந்த நான் செய்ததைக் கேள்.

சிவராத்திரிக்கு வந்தபோது நம் ஆர்மோனியத்தில் நீ ஜாஸ் வாசித்தாய், அம்மா துருத்தி போட்டாள். நாடகக்காரர்கள் நாலு பேர் முன்னால் அபசுரம் என்று சொல்லிப் பெட்டியை மூடினேன். அதோடு விட்டேனா, நீ ரயிலேறியதும் ரீடுதான் சுருதி கெட்டுவிட்டது என்று இரண்டு கறுப்புக் கட்டைகளின் ரீடையும் அரத்தால் சுரண்டினேன். முப்பது வருஷமாக ஊரார் பெட்டிகளைப் பழுது பார்த்த கர்வம். நீ வாசித்ததை விளக்கி அம்மாவுக்கு எழுதிய கடிதத்தையும் தொடவில்லை. கடைசி வாரத்தில் அவள், "எம்புள்ள வாசிச்சதை ஒருக்கா வாசிங்களேன், இன்னும் ஏன் வீம்பு பிடிக்கிறீக?" என்று கேட்டாள். உடம்பு தேறட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்தபின் அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். சட்ஜத்துக்குத் திரும்புமுன் பஞ்சமத்தில் நின்று, நிஷாதமும் மத்தியமமும் சேர்த்து, ரிஷபத்தை அரைச் சுரம் ஏற்றி, தைவதத்தை அரைச் சுரம் இறக்கிப் பிடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அந்த இரண்டும்தான் நான் சுரண்டிய கறுப்புக் கட்டைகள், ரீடைப் பழையபடி ஆக்கிவிட்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். அபசுரம் இல்லை தம்பி. ஏறியது இன்னும் அரை ஏறிக் காந்தாரத்தில் உட்காருகிறது, இறங்கியது இன்னும் அரை இறங்கிப் பஞ்சமத்தில் உட்காருகிறது. முதலில் நெஞ்சைப் பிசைகிறது, பிறகு வீடு வந்து சேர்ந்த மாதிரி இருக்கிறது. உன் அம்மா காதுக்கு அன்றே தெரிந்தது எனக்கு இப்போதுதான் பிடிபட்டது, அழுதுவிட்டேன்.

ஆனால் ஐந்து சுரத்தையும் சேர்த்துக் கேட்க முடியவில்லை. ஒரு கைக்கு எட்டாது, இரண்டு கையையும் வைத்தால் துருத்தி போட அவள் இல்லை. பக்கத்து வீட்டுச் சோணை நான் போடுகிறேன் என்று வந்தான், வேண்டாம் என்றுவிட்டேன்.

டார்ஜிலிங் போனால் குளிரில் தலையை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். இந்த வருஷம் நமக்குத் தீபாவளி இல்லை, இருந்தாலும் மறக்காமல் லீவு சொல்லிவிட்டு வா. நீ வாசி, நான் துருத்தி போடுகிறேன்.

உன் அப்பா
மலையாண்டி ஆசாரி