குருவியின் மூச்சு நோட்டு

ஜூன் 9, செவ்வாய்

சுகாதார நிலைய நர்ஸ் சொன்னதால் எழுதுகிறேன். தேதி, எங்கே இருந்தாள், என்ன சாப்பிட்டாள், மூச்சு எப்படி. நாலு வரி போதுமாம். எனக்கு நாலு வரியில் எதையும் சொல்லிப் பழக்கமில்லை. மாவு மில்லில் மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே வளர்ந்த வாய் இது.

என் மகள் குருவிக்கு ஏழு வயது. ஆஸ்துமா என்று டாக்டர் சொல்லி இரண்டு வாரமாகிறது. மூச்சோடு இழுக்கும் மருந்து பஃப் இரண்டு. பழுப்பு, காலையும் மாலையும், நன்றாக இருந்தாலும் விடக் கூடாது. நீலம், இழுப்பு வந்தால் மட்டும். பஃப்பை மாட்டி உறிஞ்சும் குழாய் எங்களால் வாங்க முடியாது என்றதும், நர்ஸ் ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். சூடான கம்பியால் அடியில் ஓட்டை போட்டார், பஃப்பைச் செருகினார், முடிந்தது வேலை. அந்தக் கை நன்றாக இருக்கட்டும்.

இன்று பள்ளி விட்டு அத்தை வீட்டில் இருந்தாள். மூச்சு: வீட்டுக்கு வந்த பிறகு இழுப்பு.

ஜூன் 12, வெள்ளி

நாக்கு ஆரஞ்சு நிறம். குச்சி ஐஸ்.

அத்தை என்பது என் நாத்தனார், லாரியில் வெளியூர் போயிருக்கும் வீட்டுக்காரரின் தங்கை. தனி ஆள். தபால் பட்டுவாடா முடித்து மூன்று மணிக்கு வருவாள். குருவியைச் சைக்கிளில் கூட்டிப்போய், நான் மில்லை மூடும்வரை வைத்துக்கொள்வாள். செல்லம் கொஞ்சமா நஞ்சமா. மில்லுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஒற்றை அறைக்குள் குருவி வந்து படுத்ததும் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

போனேன். நாத்தனாரைத் தெருவில் நிற்க வைத்தே கேட்டேன். "ஒரே ஒரு ஐஸ்தான் அண்ணி" என்றாள். இனிமேல் என் பிள்ளை உன் வாசப்படி மிதிக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐஸ் மகராணி. பெற்றிருந்தால்தானே தெரியும்.

ஜூன் 13, சனி

மோட்டார் எரிந்துவிட்டது. புதுக் கம்பிச்சுருள் கட்ட டவுனுக்குப் போயிருக்கிறது. மில் பூட்டு. மூச்சு: நன்று.

ஜூன் 17, புதன்

ஐந்து நாளாக ஓர் இழுப்பு இல்லை. சும்மா உட்காரப் பிடிக்காமல் மில்லையும் அறையையும் கழுவிவிட்டேன். பிள்ளை ஓடுகிறாள், ஆடுகிறாள். அத்தை வீட்டுக்கு அனுப்பவில்லை, பார். நான் சொன்னேனா இல்லையா? மூதேவி, என் பிள்ளையைக் கொன்றே இருப்பாள்.

குருவி மட்டும் "அத்தை ஏன் வரலே?" என்று நச்சரிக்கிறாள்.

ஜூன் 18, வியாழன்

மோட்டார் வந்தது. வாசல் வரை மூட்டை வரிசை. குருவி பள்ளியிலிருந்து நேரே மில்லுக்கு வந்து, கோதுமை மூட்டை மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். மூச்சு: கொஞ்சம் இருமல்.

ஜூன் 20, சனி

நேற்று எழுத முடியவில்லை.

நேற்று நான்கு மணி இருக்கும். மோட்டார் சத்தத்தில் எனக்குக் கேட்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால் மூட்டை மேல் குனிந்து கிடக்கிறாள், உதடு நீலம். நீல பஃப் எங்கே? வீட்டுக்குள் தேடுறேன், கைக்கு அகப்படலே. கத்தினேன், அதுதான் எனக்குத் தெரியும்.

ஓடி வந்தவள், வேலை முடிந்து அந்த வழியாகப் போன நாத்தனார். குருவியை வெளியே தூக்கிப்போய் மரத்தடியில் நிமிர்த்தி உட்கார வைத்தாள். தபால் பையிலிருந்து ஒரு நீல பஃப், ஓட்டை போட்ட ஒரு பாட்டில். "நர்ஸ்கிட்ட அப்பவே ஒரு செட்டு கேட்டு வாங்கி வெச்சேன் அண்ணி" என்றாள். ஒவ்வொரு பஃப்பாக, எண்ணி எண்ணிக் கொடுத்தாள். பால் வண்டியை மறித்ததும் அவள்தான். இந்த நோட்டை எடுத்துக்கொண்டதும் அவள்தான்.

சுகாதார நிலையத்தில் குருவி என் மடியில், முகத்தில் மருந்து முகமூடி. நர்ஸ் நோட்டைப் படிக்கச் சொன்னார். என் கை காலியில்லை. நாத்தனார் படித்தாள். "பன்னெண்டாம் தேதி, அத்தை வீட்டில் ஐஸ். வீட்டுக்கு வந்ததும் இழுப்பு. பதிமூணு, மோட்டார் எரிந்தது, மில் பூட்டு, மூச்சு நன்று. பதினேழு, ஐந்து நாளாக இழுப்பு இல்லை..."

"நிறுத்துங்க. மில்லு பூட்டியிருந்தப்ப நல்லா இருந்தாளா?" என்றார் நர்ஸ்.

என் கையைப் பார்த்தேன். முழங்கை வரை வெள்ளை. குருவியின் கன்னத்தில் என் ஐந்து விரலும் மாவாகப் பதிந்திருந்தது. ஐயோ, நான்தானா? இந்தக் கையோடதானே தினமும் தூக்கிக் கொஞ்சினேன்? இந்தப் புடவையிலதானே முகத்தைப் புதைச்சுத் தூங்குவா?

திரும்பி வரும்போது நாத்தனார் சொன்னாள்: "மில்ல விட்டா சோறு இல்ல. வீட்ட விடலாம்ல? எங்க வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. ரெண்டு பேரும் வந்துடுங்க அண்ணி. அண்ணன் லாரி திரும்பினதும் நான் சொல்லிக்கிறேன்."

இவ்வளவு நீள வாய் எனக்கு. 'மன்னிச்சிடு' என்ற ஒரு வார்த்தை அதிலிருந்து வரவில்லை.

ஜூலை 5, ஞாயிறு

இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வாரம். மில்லை ஐந்துக்கே மூடுகிறேன். ஊரே முணுமுணுத்துக்கொண்டாவது அதற்குள் மூட்டையைக் கொண்டுவந்துவிடுகிறது, அவர்களும் நன்றாக இருக்கட்டும். பின்பக்கக் குழாயில் குளியல், மாற்றுப் புடவை, அப்புறம்தான் உள்ளே. குருவி வாசலில் நின்று என் காதை மடக்கிப் பார்க்கிறாள். "பின்னாடி மாவு இருக்கு. திரும்பப் போ." மாமியார் கூட என்னை இப்படி விரட்டியதில்லை.

நேற்று ஒருவழியாகச் சொன்னேன்: "ஐஸ் விஷயத்துல நான் பேசினது தப்பு."

"நான் சொன்னதும் தப்புதான் அண்ணி. ஒண்ணு இல்ல, ரெண்டு வாங்கிக் குடுத்தேன்."

மூச்சு: நன்று.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ஏழு வாரம் தாண்டிவிட்டது, ஓர் இழுப்பு இல்லை. பழுப்பு பஃப்பை விடாதீர்கள், எழுதுவது வாரம் ஒருமுறை போதும் என்றார் நர்ஸ். அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மதியம் நாத்தனார் என் ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள். குருவி எதையோ எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் இந்த நோட்டு. "ஐஸ் ம... க... ராணி. அம்மா, ஐஸ் மகராணின்னா யாரு?"

எனக்கு உயிரே போய்விட்டது.

நாத்தனார் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான்தான்டி. அடுத்த பக்கத்துல இன்னொண்ணு இருக்கும், அதைச் சத்தமாப் படிக்காத."

அப்போதுதான் உறைத்தது. அன்று நர்ஸ் முன்னால் இதைப் படித்தவள் இவள். பன்னிரண்டு, பதினேழு, எல்லாவற்றையும். பெற்றிருந்தால்தானே தெரியும், மூதேவி என்றெல்லாம் நான் எழுதியதையும் சேர்த்து. தன்னைத் திட்டிய வரிகளை மட்டும் தாண்டிவிட்டு, மீதியை ஒரு இடத்திலும் தடுமாறாமல் படித்திருக்கிறாள். படித்து மூடிய கையோடுதான் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று குழாயடிக்கு வந்துவிட்டேன். குருவி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"இன்னிக்கு மில்லு லீவுதானேம்மா, எதுக்குக் கழுவுற?" என்றாள்.