மேல்தட்டில் வைத்த புட்டி

14 ஆகஸ்டு 1996, புதன்

பட்டர்வொர்த் கிளினிக்கில் புதிதாகப் போட்ட பிசியோதெரபிஸ்ட் பதவியை நீக்கலாமா என்று யோசிக்கிறார்கள். சுகாதார இலாகா அதிகாரி மாலையில் தொலைபேசியில் உறுதி செய்தார். பிசியோதெரபி அறைக்கு நோயாளிகள் போவதில்லையாம்.

பத்திரிகைச் செய்திக்காகக் காலையில் அந்த அறையில்தான் இருந்தேன். பக்கவாதத்தில் வலது கை விழுந்த பழைய துறைமுகத் தொழிலாளி ஒருவர், பிசியோதெரபிஸ்ட் வசந்தியைத் தாதி என்றே நினைத்துச் சத்தம் போட்டார்.

“கையத் தூக்கு, எறக்குன்னு கேக்கவா பஸ் ஏறி வந்தேன்? மருந்து குடு லா, மிஸ்ஸி!”

“நான் மிஸ்ஸி இல்ல அண்ணே. மருந்து அந்தா இருக்கு. அந்தக் கையாலயே எடுத்துக்குங்க.”

டாக்டர் எழுதிக் கொடுத்த வைட்டமின் புட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தாள். திட்டிக்கொண்டே கையைத் தோள்வரை கொண்டுபோனார். ஒரு சாண் எட்டவில்லை. அவளே எடுத்துக் கொடுத்தாள்.

“திங்கக்கெழம நீங்களே எடுப்பீங்க.”

“அதுக்குள்ள இன்னும் மேல ஏத்தி வெச்சிராத!”

சிரித்துக்கொண்டுதான் வெளியே போனார்.

பதவி விஷயம் வசந்திக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லலாமா என்று யோசித்தே களைத்துவிட்டேன். முடிவு வெள்ளிக்கிழமை வரும் என்கிறார் அதிகாரி. அந்தத் தொழிலாளி வரப்போவது திங்கட்கிழமை.