டானிக் மூடியில் அளந்த ஒயின்

நேற்று சாயங்காலம் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு தள்ளுவண்டி நிறையப் பன்னீர் திராட்சை. பாதிப் பழம் வெயிலில் வெடித்து, சாறு அடியில் விரித்த சாக்கில் ஊறி, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அந்தப் புளித்த வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. வண்டிக்காரப் பெண், "ஒண்ணு வாயில போட்டுப் பாரும்மா, அப்பால பேசு" என்றாள். போட்டுப் பார்த்தேன். என்னை அறியாமல் வாய் சொல்லிவிட்டது: "குரோம்பேட்டை."

"இன்னாது? குரோம்பேட்டை பஸ்ஸு இங்க நிக்காதும்மா. மெயின் ரோட்டுக்குப் போ."

அரைக் கிலோ வாங்கிக்கொண்டு திரும்பினேன். வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக் கதவைத் திறந்ததும் சிரிப்பு போய்விட்டது. இதைச் சொன்னால் விளக்கம் கேட்காமல் சிரிக்கக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

பெண் பார்க்க வந்த அன்று நான் உங்களிடம் கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கிறதா? சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை, சொந்த வீடு உண்டா என்றும் கேட்கவில்லை. "குடிப்பீங்களா?" என்றுதான் கேட்டேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். நீங்கள் சிரிக்காமல், "இல்லைங்க. ஆபீஸ்ல பார்ட்டின்னா கலர் சோடா குடிப்பேன்" என்றீர்கள். அந்தப் பதிலுக்காகத்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன். என் அப்பாவைப் பற்றி ஊரே உங்களுக்குச் சொல்லியிருக்கும். அவர் யாரையும் அடித்ததில்லை. குடித்துவிட்டுத் தெருவை அளந்துகொண்டு வருவார், விழுவார், எழுவார். தெருமுனையில் நின்று எல்லாரும் சிரிப்பார்கள். "உங்கப்பன் வரான், போய்ப் புடி" என்று எங்களுக்குச் சேதி வரும். அடியைக்கூடத் தாங்கியிருப்பேன், அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடிந்ததில்லை. குடிகாரனின் மகளாக இருந்தது போதும், குடிகாரனின் மனைவியாக ஒருநாளும் அந்தத் தெருவில் நடக்க மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தேன்.

அப்படிப்பட்ட என்னிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சர்ச்சுக்குப் போய் வந்து சாப்பிட்ட பிறகு, செய்தித்தாள் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தீர்கள். கோவா போய் வந்த உங்கள் ஆபீஸ் நண்பர் கொடுத்த சிவப்பு ஒயின்.  என் கை தானாகப் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டது.

"நீ வேணாம்னா இப்பவே திருப்பிக் குடுத்துடறேன்" என்றீர்கள். "ஆனா ஒரு பாட்டிலைப் பார்த்து நீ இப்படி வெளுத்துப் போறது எனக்குப் பிடிக்கலம்மா. எங்க வீட்டுல கிறிஸ்துமஸ்னா அம்மாவே திராட்சை வாங்கி ஒயின் போடுவாங்க. ஆளுக்கு ஒரு வாய், அவ்ளோதான். ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போமா?"

நான் யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். பிறகு சட்டம் போட்டேன். ஞாயிறு மத்தியானம் மட்டும். வெளிச்சத்தில், சாப்பிட்ட பிறகு. டம்ளரில் ஊற்றக் கூடாது, டானிக் பாட்டில் மூடியில் அளந்து ஆளுக்கு இரண்டு மூடி. இரண்டு பேர் சினிமாவுக்குப் போய் வரும் செலவுக்குமேல் எந்தப் பாட்டிலும் வாங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக ஒரு சொட்டு தொடக் கூடாது. நீங்கள் தலையாட்டிவிட்டு, "சரிங்க, டிக்கெட் செக்கர் மேடம்" என்றீர்கள்.

கார்க்கைத் திறக்க நம்மிடம் ஒன்றும் இல்லை. ஸ்குரூடிரைவரால் உள்ளே தள்ளினீர்கள், உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போயிற்று. அந்த முதல் ஒயின் இருமல் டானிக்கில் வெல்லம் கரைத்த மாதிரி இருந்தது. எப்படி என்று கேட்டேன். தினமும் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு எலக்ட்ரிக் டிரெயினில் வந்து போகிற மனிதர் வேறு எப்படிச் சொல்வார்? "கடற்கரையில நல்லாத்தான் ஏறுச்சு. சைதாப்பேட்டையிலயே இறங்கிடுச்சு" என்றீர்கள்.

அதிலிருந்து நமக்கு மார்க் எல்லாம் ஸ்டேஷன்தான். வாயில் வைத்ததும் வண்டி கிளம்பும், எதுவரைக்கும் வருகிறது என்று இரண்டு பேரும் சொல்ல வேண்டும்; தாம்பரம் வந்தால் முழு மார்க். பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒன்று பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல் நாக்கைப் பிடித்தது. நீங்கள் அதை எழும்பூரில் இறக்கினீர்கள், நான் விடாப்பிடியாகப் பல்லாவரம் வரை கொண்டுவந்தேன். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் சண்டை. மிச்சத்தை ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்து அடுத்த வாரம் எடுத்தால் புளித்துக் காடியாகிவிட்டிருந்தது. "இது வண்டியே ஏறல" என்றீர்கள். நான் அதைக் கறிக்குழம்பில் ஊற்றினேன், குழம்பு தாம்பரம் வரை வந்தது.

ஆனால் நான் நிம்மதியாக இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். மாடியில் வீட்டுக்காரம்மா. ஜன்னலைச் சாத்தினால் சந்தேகம், திறந்தால் வாசனை. காலி பாட்டில்களைக் கழுவி மணிபிளான்ட் வைத்தேன். வீட்டுக்காரம்மா ஒன்றை எடுத்துப் பார்த்து, "டானிக் பாட்டிலா? அழகா இருக்கே, எனக்கொண்ணு குடேன்" என்று கேட்டு வாங்கிப் போய்ப் பூஜை அறை ஜன்னலில் வைத்தார். அன்று நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. பழைய பேப்பர்காரர் வேறு வாசலில் நின்று, "யக்கா, பாட்டிலு எதுனா கீதா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவும்போதெல்லாம் எனக்குப் பகீர் என்றிருக்கும்.

இதெல்லாம் வெளிப்பயம். உள்பயம் வேறு. ஒவ்வொரு ஞாயிறும் ஒயினைவிட உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் சிவக்கிறதா? பேச்சு இழுக்கிறதா? மூன்றாவது மூடிக்குக் கை நீள்கிறதா? உங்களுக்கு அது தெரியும். ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. இரண்டாவது மூடி முடிந்ததும் நான் பார்ப்பதற்கு முன்பே அதைக் கவிழ்த்து வைத்துவிடுவீர்கள்.

வருஷங்கள் இப்படியே போயின. தொண்ணூறுகளில் புதிதாக உள்நாட்டு ஒயின்கள் வரத் தொடங்கின, நம் வண்டியும் குரோம்பேட்டை, சானடோரியம் என்று நெருங்கி வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

நான் வேலை பார்த்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் யாரோ இறந்துபோனதற்கு விடுமுறை விட்டதால், நாலு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். வாசலில் உங்கள் செருப்பு. ஆபீஸ் நாளில் இந்த நேரத்தில் எப்படி என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தீர்கள். எதிரே திறந்த பாட்டில். உங்கள் கையில் மூடி.

நான் உள்ளே வரவில்லை. கூப்பிடவும் இல்லை. நேராக ஸ்டேஷனுக்கு நடந்து, செங்கல்பட்டு வண்டி ஏறி, ஊரப்பாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். என்ன ஆச்சு என்று அக்கா கேட்டதற்கு, "அப்பா மாதிரியே" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அது போதும். பாய் விரித்துப் போட்டாள்.

மறுநாள் காலையில் வந்தீர்கள். சவரம் செய்யாத முகம். அக்கா உள்ளே கூப்பிட்டும் வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றீர்கள். நானாகப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"ஜன்னல்ல உன் நிழல் விழுந்துச்சு. திரும்பறதுக்குள்ள போயிட்ட" என்றீர்கள். "மேஜையில என்ன பார்த்த?"

"பாட்டிலு."

"வேற?"

"வேற என்ன பார்க்கணும்?"

"பெருங்காய டப்பா இருந்துச்சு. காபித்தூள் இருந்துச்சு. நார்த்தங்கா ஊறுகா. பினாயில்கூட எடுத்து வெச்சிருந்தேன்மா. ஒவ்வொண்ணா மோந்து பார்த்தேன். ஒண்ணுமே தெரியல."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மேஜை நிறையச் சாமான் இருந்திருக்கிறது, எனக்குப் பாட்டில் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. மூன்று நாலு மாதமாகவே உங்களுக்கு வாசனையும் ருசியும் போய்க்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்ன ஸ்டேஷன் சொல்கிறேன் என்று காத்திருந்து அதையே நீங்களும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நானோ, கடைசியில் இந்த மனுஷனுக்கு நாக்கு திருந்தியது என்று நினைத்திருந்தேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன்.

"நீ பயப்படுவியேன்னு பயந்துட்டேன்."

நான் அழ ஆரம்பித்ததும் நீங்கள் சொன்னதுதான் இன்றும் காதில் இருக்கிறது. "நீ ஓடினது தப்பில்லம்மா. நான் நிஜமாவே குடிகாரன் ஆயிட்டாலும் இப்படித்தான் ஓடணும். நின்னு யோசிக்காத." வேறு எந்தப் புருஷன் மனைவிக்கு இப்படிச் சொல்வான்? பயப்படாதே என்று எனக்குச் சொல்லாத ஒரே மனிதர் நீங்கள்.

நெற்றிக்குப் பின்னால் கட்டி என்றார்கள். ஊசி, மாத்திரை, ஆபரேஷன் எல்லாம் ஆயிற்று. உயிர் தங்கியது, மூக்கு திரும்பவில்லை. பாட்டில்களைத் தலைமுழுகிவிடலாம் என்று நான் இருந்தேன். நீங்கள் விடவில்லை. "என் மூக்கு ரிட்டயர் ஆயிடுச்சு. நீ சர்வீஸ்ல இரு" என்றீர்கள். மருந்து சாப்பிடுவதால் உங்களுக்கு ஒரு சொட்டும் கிடையாது. நான் மட்டும் குடிக்க, நீங்கள் எதிரே உட்கார்ந்து பார்ப்பீர்கள்.

அந்த ஞாயிறுகளில்தான் எனக்குப் பயம் தலைக்கேறியது. என் உடம்பில் ஓடுவது அப்பாவின் ரத்தம். ஒருவேளை எனக்கு இது பிடித்துப்போய்விட்டால்? மூன்றாவது மூடியை என் கையே தேடினால்? கேட்டேன் உங்களிடம். "அதான் நான் உட்கார்ந்திருக்கேனே, செக்கர் வேலைக்கு" என்றீர்கள். நான் விழுங்குவதைப் பார்த்து நீங்களே ஸ்டேஷன் சொல்வீர்கள். "புருவம் மேல போகுது. பல்லாவரம். இரு, இரு, உதட்டை நக்குற. சானடோரியம்!" ருசி அறியாத மனிதர் என் முகத்தைப் பார்த்தே சரியாகச் சொன்னீர்கள். இரண்டாவது மூடி முடிந்ததும் கையை நீட்டி அதைக் கவிழ்த்து வைப்பீர்கள்.

அடுத்த வருஷம் கட்டி மறுபடி வளர்ந்தது. இந்தத் தடவை கால்களைப் பிடித்தது.

பட்டணத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு நாம் ரயிலில் திரும்பிய அந்தக் கடைசி மத்தியானத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஆட்டோவில் போகலாம் என்றேன், டிரெயினில்தான் வருவேன் என்று அடம்பிடித்தீர்கள். தாம்பரத்தில் இறங்கி, பாலம் ஏறி, மேற்குப் பக்கப் படியில் இறங்கும்போது உங்கள் கால் பின்னியது. என் இடது தோளில் முழுப் பாரத்தையும் போட்டீர்கள். ஒரு படி இறங்குவதற்குள் இரண்டு பக்கமும் சாய்ந்தோம். உங்கள் நாக்கும் குழறியது. படியோரம் நின்ற நாலைந்து பேர் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "பட்டப்பகல்லயே எப்டி ஏத்திக்கினு வரான் பாரு. பாவம், அந்தப் பொம்பள தலையெழுத்து."

எனக்குக் கேட்டது. உங்களுக்கும் கேட்டது. முகம் சுருங்கி, "சொல்லிடும்மா... வியாதின்னு அவங்ககிட்ட சொல்லிடு" என்றீர்கள். வாழ்நாள் முழுக்க எந்தச் சிரிப்புக்குப் பயந்தேனோ அது அப்போது என்னைச் சுற்றி நின்றது. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், சிரித்தவர்களே ஓடி வந்து தூக்கிவிட்டிருப்பார்கள். எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவர்களுக்கு என்ன தெரிய வேண்டும்? "சிரிக்கட்டும். படி இருக்கு, பார்த்து வைங்க" என்றேன். உங்கள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, குடிகாரனின் மனைவியாகவே கடைசிப் படி வரை இறங்கினேன்.

இப்போதும் அந்தப் பாலத்தில் இறங்கும்போது என் இடது தோள் தானாகக் கொஞ்சம் தாழ்கிறது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ. நான் நிமிர்த்திக்கொள்வதில்லை.